குடல் அழற்சி நோயில் வாயும் தோலும்: புண்ணைப் பார்த்துக் காரணத்தைப் பிரிப்பது எப்படி?

குடல் அழற்சி நோயின் இரு வகைகளான கிரோன் நோயும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் குடலோடு நிற்பதில்லை. மூட்டு, கண், வாய், தோல் என்று வெளியிலும் தலைகாட்டும். சிலருக்கு வயிற்றுத் தொல்லை தொடங்குவதற்கு மாதங்களுக்கு, ஏன், ஆண்டுகளுக்கு முன்பே உதடு வீங்கிவிடும். வேறு சிலருக்குக் குடல் அமைதியாக இருக்கும்போது காலில் ஒரு புண் வந்து ஆறாமல் அடம்பிடிக்கும்.

வாய்ப்புண் என்று வருகிறவரிடம் களிம்பைக் கொடுத்து அனுப்புவது எளிது. ஆனால் இந்த நோயில் ஒரே மாதிரி தெரியும் புண்ணுக்கு நான்கு வெவ்வேறு பிறப்பிடங்கள் உண்டு. குடலில் இருக்கும் அதே நோய் வாயிலோ தோலிலோ முளைத்திருக்கலாம். கிளர்ந்துபோன நோய் எதிர்ப்பாற்றல் வேறோர் இடத்தைத் தாக்கியிருக்கலாம். இரும்பு, பி12, துத்தநாகம் குறைந்திருக்கலாம். அல்லது நோய்க்காகச் சாப்பிடும் மருந்தே அதைக் கொண்டுவந்திருக்கலாம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு. பயோடெர்மா காங்கிரினோசம் என்ற, தோலில் வேகமாக விரியும் புண்ணுக்கு ஸ்டீராய்டு உயிர்நாடி. பூஞ்சை படர்ந்த வாய்க்கு அதே ஸ்டீராய்டு எண்ணெய் ஊற்றிய மாதிரி. அதனால் முதல் வேலை பிரித்தறிவது, மருந்து அதற்குப் பிறகுதான்.

படி 1: தேதிகளை எழுதுங்கள்

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரிசைகள் போதும். புண் அல்லது கட்டி எப்போது தோன்றியது. கடைசியாக வயிற்றுப்போக்கும் ரத்தமும் எப்போது கூடின. கடந்த மூன்று மாதங்களில் எந்த மருந்து தொடங்கியது, எந்த மருந்தின் அளவு மாறியது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கூடவே படம் எடுங்கள். புண்ணுக்கு அருகில் ஒரு நாணயத்தை வைத்து, அதே தூரத்தில், அதே வெளிச்சத்தில், வாரம் ஒரு முறை. ஆறுகிறதா பெருகுகிறதா என்று நினைவை நம்பிச் சொல்வதில் எல்லாருமே தவறுகிறார்கள்.

படி 2: வாயை வரிசையாகப் பாருங்கள்

கண்ணாடி, டார்ச், ஒரு கரண்டிக் காம்பு போதும். வெளி உதடு, வாயோரங்கள், உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் மேலும் கீழும், அண்ணம் என்று போகலாம். பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: கன்னமும் ஈறும் சந்திக்கும் பள்ளம். கன்னத்தைக் கரண்டிக் காம்பால் வெளிப்பக்கம் இழுத்தால்தான் அது தெரியும். கிரோன் நோய்க்கே உரிய அடையாளங்கள் பல அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மிகச் சாதாரணமாகக் காண்பது ஆப்தஸ் புண். வட்டம், நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவப்பு வளையம். 1 செ.மீ.க்குள் இருந்தால் 10 முதல் 14 நாளில் தழும்பின்றி ஆறும். அதைவிடப் பெரியது வாரக்கணக்கில் நீடித்துத் தழும்பையும் விட்டுப்போகும். இவை உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் அடி போன்ற மெத்தென்ற, அசையும் பரப்பில் வரும். பற்களை ஒட்டிய கெட்டி ஈற்றிலோ முன் அண்ணத்திலோ சிறு புண்கள் கொத்தாக வந்தால் ஹெர்பெஸ் வைரஸை நினைக்க வேண்டும், குறிப்பாக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு. ஆப்தஸ் புண் குடல் நோயே இல்லாதவர்களுக்கும் ஏராளமாக வருவது. ஆகவே அது மட்டும் இருப்பதை வைத்துக் கிரோன் என்று பயப்பட வேண்டாம்.

கிரோன் நோய் நேரடியாக வாயில் இறங்கினால் தோற்றமே வேறு. கன்னப் பள்ளத்தில் கத்தியால் கீறியது போல நீளமான ஆழ்ந்த புண், அதன் இரு கரைகளிலும் மடிந்த தசை. கன்னத்தின் உட்புறம் கூழாங்கல் பாவிய தரை போன்ற மேடுபள்ளம். ஈற்றோரம் தொங்கும் சதைத் துணுக்குகள். வலியின்றி ரப்பர் போல வீங்கி நடுவே வெடிக்கும் உதடு. இது பெரியவர்களைவிடச் சிறுவர்களிடமும் இளையோரிடமும் அதிகம். உதடு வீக்கம் முதலில் வந்து போகும், பிறகு போகாமலே தங்கிவிடும். இதை ஒவ்வாமை என்று எண்ணி மாதக்கணக்கில் ஒவ்வாமை மாத்திரை கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒவ்வாமை வீக்கம் ஓரிரு நாளில் வடியும். வாரக்கணக்கில் நிற்கும் வீக்கம் வேறு. அப்படிப்பட்ட குழந்தையின் உயரம், எடை, மலம், ஆசனவாய் நான்கையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பயோஸ்டொமடைட்டிஸ் வெஜிடன்ஸ் என்பது அரிது, ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்காது. சிவந்த பரப்பில் குண்டூசித் தலை அளவு மஞ்சள் சீழ்ப்புள்ளிகள் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்து, நத்தை ஊர்ந்த தடம் போலாகும். பார்க்கப் பயங்கரம், வலி அந்த அளவுக்கு இராது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸோடு அதிகம் சேர்ந்து வரும். ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூடியிருக்கும். குடல் நோய் இன்னும் கண்டறியப்படாதவரிடம் இது தெரிந்தால் கொலோனோஸ்கோப்பியை (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) தள்ளிப்போடக் கூடாது. கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

சத்துக்குறைவின் முகம் எளிதில் தெரியும்: வாயோரம் வெடிப்பு, வழவழப்பான சிவந்த நாக்கு, எரிச்சல், வெளுத்த உதடு. வாயோர வெடிப்பில் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சையும் குடியேறியிருக்கும் என்பதால் இரும்பு மட்டும் கொடுத்தால் ஆறத் தாமதமாகும். துணியால் துடைத்தால் பெயர்ந்து வரும் வெண்படலம் கேண்டிடாதான். ஸ்டீராய்டு அல்லது ஆன்டிபயாடிக் எடுத்தவரிடம் எதிர்பார்க்க வேண்டியது.

எந்தக் காரணமானாலும் ஒரு விதி பொது: ஒரே இடத்தில் மூன்று வாரம் ஆறாமல் நிற்கும் புண்ணுக்குப் பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) வேண்டும். குடல் நோய் இருக்கிறது என்பதால் வாய்ப் புற்றுநோய் வராது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

படி 3: தோலில் எதைத் தேடுவது

முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கம் இரண்டு கால்களிலும் 1 முதல் 5 செ.மீ. அளவில் சிவந்த, சூடான, தொட்டால் வலிக்கும் முடிச்சுகள் வந்தால் அது எரித்தீமா நோடோசம். தோலுக்கு அடியிலிருக்கும் கொழுப்பின் அழற்சி இது. பெண்களுக்கு அதிகம். மூட்டுவலியும் காய்ச்சலும் துணைக்கு வரலாம். நிறம் சிவப்பிலிருந்து ஊதா, பிறகு பச்சை கலந்த மஞ்சள் என்று அடிபட்ட இடம் போல மாறி, 3 முதல் 6 வாரத்தில் தழும்பின்றி மறையும். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. விரலால் தடவி மேட்டையும் சூட்டையும் உணர வேண்டும். இந்த முடிச்சு ஒருபோதும் உடைந்து புண்ணாகாது. உடைந்தால் நோயின் பெயர் தவறு.

இது வந்தால் குடல் கிளம்பியிருக்கிறது, அதாவது குடல் அழற்சி மீண்டும் தீவிரமாகியிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். ஆனால் காசநோய், தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தொற்று, சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), கருத்தடை மாத்திரை, சல்ஃபா மருந்து ஆகியவையும் இதே முடிச்சைத் தரும். டி.என்.எஃப். தடுப்பு ஊசி (அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தை அடக்குவது) போடுபவரிடம் காசநோயை விலக்காமல் மேலே போகக் கூடாது.

அடுத்தது பயோடெர்மா காங்கிரினோசம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அதிகச் சேதம் இதில்தான் நிகழ்கிறது. 1930-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளை வைத்து இதற்குப் பெயரிட்டார்கள். அவர்களில் நால்வருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெயரில் சீழும் அழுகலும் இருந்தாலும் இது தொற்றும் அல்ல, காங்கிரினும் அல்ல. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் காரணமின்றித் தோலில் குவிவதால் வருவது. முதலில் பூச்சி கடித்தது போல ஒரு சிறு சீழ்க்கொப்புளம். ஓரிரு நாளில் உடைந்து, தொட முடியாத வலியோடு, நாளொன்றுக்கு ஒரு செ.மீ. கூட விரியலாம். விளிம்பு ஊதா நிறம்; அந்த விளிம்புக்கு அடியில் புண் குடைந்து சென்றிருக்கும். ஆறும்போது சல்லடைத் துளைகள் போன்ற தழும்பு விழும். கால் பொதுவான இடம். வயிற்றில் மலப்பை பொருத்தியவர்களுக்குத் துளையைச் சுற்றியும் வரும்.

இதன் விசித்திரக் குணம், காயம் பட்டால் பெருகுவது. ஊசி குத்திய இடத்தில்கூட முளைக்கும். அழுகிய சதை என்று நினைத்து அறுவை மருத்துவர் வெட்டி எடுத்தால், வெட்டிய எல்லையைத் தாண்டி மறுநாள் பரவியிருக்கும். மீண்டும் வெட்டுவார்கள், மீண்டும் பரவும். சுத்தம் செய்யச் செய்யப் பெருகும் புண் என்றால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தோல் மருத்துவரை அழைப்பதே முறை. சிகிச்சைக்காக வெட்டக் கூடாது. ஆனால் விளிம்பிலிருந்து ஒரு பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும். இதைப் போலவே தோன்றும் தொற்று, ரத்தநாள அழற்சி, புற்றுநோய் மூன்றையும் விலக்க வேறு வழி இல்லை. பயாப்ஸித் துண்டின் ஒரு பகுதி பாக்டீரியா, பூஞ்சை, காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும் போக வேண்டும். பலரும் முழுத்துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறார்கள்.

முகம், கழுத்து, கைகளில் திடீரெனக் காய்ச்சலோடு வலிக்கும் சிவந்த தடிப்புகள், ரத்தத்தில் நியூட்ரோஃபில் உயர்வு என்றால் ஸ்வீட் நோய்க்குறி. ஸ்டீராய்டுக்கு வேகமாக அடங்கும்.

குடலோடு தொடர்பில்லாத தொலைவிடத் தோலில் கிரோன் நோயின் கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு கட்டி) வருவதை மெட்டாஸ்டாட்டிக் கிரோன் என்பார்கள். பெயரைக் கேட்டுப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். மார்புக்கு அடி, தொடையிடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வீக்கமும் கத்திக் கீறல் போன்ற பிளவும் தெரியும். குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு வீக்கமாக மட்டும் வந்து, வேறு சந்தேகங்களுக்கு ஆளாகிக் குடும்பமே அலைக்கழிவதும் உண்டு.

ஆசனவாயைப் பார்க்கத் தயங்குவதால் தாமதமாகும் நோயறிதல் கொஞ்சமல்ல. சாதாரண ஆசனவாய் வெடிப்பு பெரும்பாலும் நேர் பின்பக்கமோ நேர் முன்பக்கமோ வரும். பக்கவாட்டில் வந்தாலும், பலவாக இருந்தாலும், வலியில்லாமல் இருந்தாலும் கிரோனைத் தேட வேண்டும். யானைக்காது போன்ற பெரிய, மெத்தென்ற சதைத் தொங்கலை மூலம் என்று வெட்டிவிட்டால் அந்தக் காயம் கிரோன் நோயாளிக்கு ஆறாமல் போகலாம். பவுத்திரம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாதையை அறிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

படி 4: மருந்தையும் சந்தேகியுங்கள்

எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு வாய் முழுக்கப் புண் வந்தால், அது நஞ்சேறியதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். வாரம் ஒரு நாள் எடுக்க வேண்டிய மாத்திரையைத் தினமும் எடுத்துவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். உயிரைப் பறித்த தவறு அது. கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சேர்ந்திருந்தாலும் இதே ஆபத்து. மருந்தை நிறுத்தி அன்றே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே வகையான அசதயோப்ரின் தொடங்கிய முதல் சில வாரங்களில் தலைமுடி கொத்தாகக் கொட்டி, வாய்ப்புண்ணும் வந்தால், வெள்ளணு சரிந்திருக்கும். என்.யு.டி.டி.15 மரபணு மாறுபாடு உள்ளவர்களுக்கு இது நேர்கிறது. ஆசிய மக்களிடம் இந்த மாறுபாடு அதிகம். வசதி இருந்தால் மருந்துக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் சொரியாசிஸுக்கே கொடுக்கப்படுபவை. அவையே சிலருக்குப் புதிதாகச் சொரியாசிஸைத் தருகின்றன. உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ்ப்புள்ளிகள், தலையில் செதில், முடி உதிர்தல் என்று வரும். பயந்து ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் களிம்போடு சமாளித்துக்கொண்டே ஊசியைத் தொடர முடிகிறது. அடங்காவிட்டால் வேறு வகை மருந்துக்கு மாறலாம். உஸ்டெகினுமாப் குடலுக்கும் சொரியாசிஸுக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

படி 5: எந்தச் சோதனை, எதற்கு

முழு ரத்த எண்ணிக்கை, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது), ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு (இரண்டும் இரும்பைக் காட்டுபவை), பி12, ஃபோலேட், துத்தநாகம், கல்லீரல் நொதிகள், மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்). இவ்வளவு போதும். கால்ப்ரொடெக்டின் ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அமைதி. 250-ஐத் தாண்டினால் குடல் கொதிக்கிறது என்று கொள்ளலாம். வாயில் கிரோன் போன்ற தோற்றம், வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லை என்பவரிடம் இந்தச் சோதனைதான் அடுத்த பாதையைக் காட்டும்.

ஃபெரிட்டினைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாக உயரும். குடல் அமைதியாக இருக்கும்போது லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால்தான் குறைவு. குடல் கிளம்பியிருக்கும்போது 100 வரை இருந்தாலும் இரும்பு குறைந்திருக்கலாம். துத்தநாகத்துக்கு நேர்மாறு: அழற்சியில் அது தானாகவே சற்று இறங்கிக் காட்டும்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியை 20 செ.மீ.க்கு மேல் வெட்டி எடுத்தவர்களுக்குப் பி12 காலமெல்லாம் தேவைப்படலாம். பி12-ஐப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் சரியாகி நரம்பு கெடும். வாயோரம், ஆசனவாய், கை கால் நுனிகளில் மட்டும் செதிலோடு சிவந்த தடிப்பு வந்தால் அது துத்தநாகக் குறைவின் கையெழுத்து. நீண்ட வயிற்றுப்போக்கோ ரத்தநாளம் வழி உணவோ பின்னணியில் இருக்கும். துத்தநாகத்தைச் சொன்ன அளவுக்கு மேல் மாதக்கணக்கில் விழுங்கினால் உடலில் செம்பு குறைந்து வேறு ரத்தசோகை வரும்.

படி 6: வாய்க்குச் சிகிச்சை

சோடியம் லாரைல் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் இல்லாத பற்பசைக்கு மாறுங்கள். மென்மையான தூரிகை வாங்குங்கள். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி 0.2 சதவீதம், 10 மி.லி., ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. பல் துலக்கிய உடனே அதைக் கொப்பளித்தால் பற்பசை அதன் வேலையைக் கெடுக்கும். அரை மணி இடைவெளி விடுங்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

ஓரிரு புண் என்றால் 0.1 சதவீத டிரையாம்சினோலோன் வாய்ப்பசை. புண்ணை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி, சிறு துளிப் பசையை ஒற்றி வையுங்கள். தேய்த்தால் மணல் போல உதிர்ந்துவிடும். எல்லாரும் தேய்க்கிறார்கள், பிறகு மருந்து ஒட்டவில்லை என்கிறார்கள். படுக்கப்போகும் முன் வைப்பது உத்தமம். பகலில் வைத்தால் அரை மணி நேரம் சாப்பிடாதீர்கள். பல புண்கள் பரவலாக இருந்தால் பசை பயன்படாது: 0.5 மி.கி. கரையும் பீட்டாமெத்தசோன் மாத்திரையை 10 முதல் 20 மி.லி. நீரில் கரைத்து, மூன்று நிமிடம் வாயில் சுழற்றி, துப்பிவிட வேண்டும். நாளுக்கு நான்கு முறை வரை. விழுங்கக் கூடாது. இரண்டுக்கும் முன் கேண்டிடா இல்லையென்று உறுதி செய்யுங்கள்.

கேண்டிடாவுக்கு நிஸ்டாட்டின் திரவம், மி.லி.க்கு 1,00,000 யூனிட் வலிமை, 4 முதல் 6 மி.லி., நாளுக்கு நான்கு முறை வாயில் சுழற்றி விழுங்கலாம். படலம் மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடர வேண்டும். பல்செட் போடுபவர் இரவில் கழற்றி ஊறவைக்காவிட்டால் மறுவாரமே திரும்பும்.

இரும்பு வேண்டுமானால், குடல் கிளம்பியிருக்கும்போதோ ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருக்கும்போதோ மாத்திரையைவிட ரத்தநாளம் வழி ஏற்றுவதே சிறந்தது. உதடு வீக்கத்துக்கு இலவங்கப்பட்டையும் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளும் தவிர்த்த உணவை 12 வாரம் முயல்வது உண்டு. சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. பதப்படுத்திய பானங்கள், சுவையூட்டிய பற்பசை எல்லாம் இதில் அடங்கும். குழந்தைக்கு உணவியல் நிபுணர் துணையின்றி இதைச் செய்ய வேண்டாம். கேட்காவிட்டால் எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு, உதட்டுக்குள் டிரையாம்சினோலோன் ஊசி, கடைசியில் டி.என்.எஃப். தடுப்பு மருந்து.

படி 7: தோலுக்குச் சிகிச்சை

எரித்தீமா நோடோசத்துக்குக் குடலை அடக்குவதே மருந்து. காலை உயர்த்தி வைத்து ஓய்வு, அழுத்தக் காலுறை, வலிக்குப் பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இந்த முடிச்சுக்கு நல்லவை என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், குடல் நோயாளிக்கு வயிற்றைக் கிளப்பிவிடக்கூடும், ஒதுக்கி வையுங்கள்.

பயோடெர்மாவில் சிறு புண்ணுக்குக் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு போதலாம். விரியும் புண்ணுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு பிரெட்னிசோலோனையும், எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரினையும் நேருக்கு நேர் வைத்தது. ஆறு மாதத்தில் இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கே புண் ஆறியது. எனவே பொறுமை வேண்டும். குடலும் சேர்ந்து கிளம்பியிருந்தால் டி.என்.எஃப். தடுப்பு மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் கிலோவுக்கு 5 மி.கி. இரண்டையும் ஒருசேரக் கவனிக்கும். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய அளவை மட்டும் பார்க்காதீர்கள்: முதலில் வலி குறையும், பிறகு ஊதா விளிம்பு தட்டையாகும், அதன் பிறகுதான் புண் சுருங்கும்.

புண்ணை வெதுவெதுப்பான உப்புக்கரைசலால் கழுவி, ஒட்டாத கட்டுத்துணி வையுங்கள். பசை நாடாவைத் தோலில் ஒட்டாமல் சுற்றுக்கட்டுப் போடுங்கள். நாடாவைப் பிய்ப்பதே புதுப் புண்ணுக்குப் போதும். மலப்பைக்கு அடியில் வந்த புண்ணில் களிம்பு பூசினால் பை ஒட்டாது, ஒழுகும், ஒழுகல் இன்னும் அரிக்கும். அங்கே லோஷன் வடிவ ஸ்டீராய்டே பொருந்தும். வட்டுத் தகட்டைப் புண்ணின் அளவுக்குப் பெரிதாக வெட்டாமல், புண்ணை உறிஞ்சும் கட்டால் நிரப்பி மேலே தகட்டை ஒட்ட வேண்டும்.

படி 8: அன்றே ஓட வேண்டியவை

குடல் அழற்சிக்குத் தரும் சல்ஃபாசலசின் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், முக வீக்கம், உடலெங்கும் தடிப்பு. வாய், கண், பிறப்புறுப்பு மூன்றிலும் ஒரே நேரத்தில் புண்ணும் தோல் உரிதலும். அசதயோப்ரின் அல்லது மெத்தோட்ரெக்சேட் எடுக்கையில் வாய்ப்புண்ணோடு காய்ச்சல். ஆசனவாய்க்கு அருகே துடிக்கும் வீக்கமும் காய்ச்சலும். நாளுக்கு நாள் விரியும் புண். தோல் முடிச்சோடு கண் சிவந்து வெளிச்சம் கூசுதல். ஒரு பக்கமாக நெருப்பு போல எரியும் கொப்புள வரிசை: அது அக்கி, வைரஸ் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எதிர்ப்பாற்றலை அடக்கும் டோஃபாசிட்டினிப் வகை மருந்து எடுப்பவருக்கு இது கூடுதலாக வரும்.

பல் மருத்துவரிடம் போகும்போது மருந்துப் பட்டியலையும் கடைசி ரத்த எண்ணிக்கையையும் கையில் கொண்டு செல்லுங்கள். பல் பிடுங்கியபின் வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள். கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவையா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் கிருமி பெருகினால் வரும் வயிற்றுப்போக்கு, பார்ப்பதற்குக் குடல் நோய் கிளம்பியது போலவே இருக்கும். அதனால் ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு வயிறு கெட்டால் ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன் மலத்தை அந்தக் கிருமிக்காகச் சோதிக்க வேண்டும்.